இடது ஓரம்

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை. திருவிருந்துக்காகப் பலிபீடத்தின் முன்னால் முதல் வரிசை முழங்காலில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கழிவறை கழுவிவிட்டு, ஈரம் காயாத சேலையோடு ஓடிவந்தவள், பக்கவாசலில் நுழைந்த அவசரத்தில், திராட்சரசப் பாத்திரம் முதலில் வந்து நிற்கிற இடது ஓரத்தில் மண்டியிட்டுவிட்டாள். எப்போதும் அவள்தான் கடைசி ஆள். "அக்கா, அந்தக் கடைசிக்குப் போங்க," என்று கோயில் பணியாள் காதோரம் சொல்லி முடிப்பதற்குள் போதகர் வந்துவிட்டார். "இருக்கட்டும் விடுப்பா." கண்ணாடி ஜன்னலின் சிவப்பு வெளிச்சம் வெள்ளிப் பாத்திரத்தில் விழுகிறது. அவள் விரல்களில் பினாயில் மணக்கிறது. ஒரு மிடறு குடிக்கிறாள். போதகர் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி, அடுத்திருக்கும் மில் முதலாளியின் மனைவியிடம் நீட்டுகிறார். வேண்டாம் என்பவர்கள் தலை குனிவது இந்தச் சபையின் வழக்கம். அந்த அம்மாள் குனிகிறாள். அம்மாளின் மருமகளும் குனிகிறாள். வரிசையில் மீதமிருந்த ஆறு தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிகின்றன. பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பக்தி என்றே தோன்றும். ஆளுக்கு ஆள் நின்று நின்று போகவேண்டிய போதகரின் செருப்புச் சத்தம் நிற்காமலே போவது அவளுக்குக் கேட்கிறது. பாடகர் குழு பாடிக்கொண்டே இருக்கிறது. செருப்புச் சத்தம் திரும்பி அவளிடமே வருகிறது. "எடம் மாறி மண்டி போட்டுட்டேன் ஐயா." "அதுக்கென்னம்மா," என்கிறவர், பாத்திரத்தை அவள் குடித்த பக்கமாகத் திருப்பி, எல்லோர் கண்ணெதிரிலும் தன் வாயில் வைத்துக் குடிக்கிறார். பிறகு நிமிர்ந்து பார்க்கிறார். அடுத்து வரவேண்டிய வரிசை இன்னும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.