ஒன்பதாயிரம் கதவுகள்

"மூணு வருஷமா என்னை வேலையை விட்டுத் தூக்காம வெச்சிருக்காரே, நம்ம மேலாளர், அந்த மனுஷனுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமாடா?" என்றான் ஆமை.

"செய்யணும். இன்னைக்கு ஒன்பது மணிக்குள்ள வேணும்னு அவர் கேட்ட எழுத்துப்பிழை திருத்தியைக் கொடுத்திருக்கலாம்" என்றான் பக்கத்து நாற்காலி நண்பன்.

மணி ஒன்பதே கால்.

டெக்ஸ்ட் எடிட்டர் தயாரிக்கும் சின்ன நிறுவனம் அது. அந்த எடிட்டரிலேயே கடிதம் எழுதி, முகவரிப் புத்தகத்தில் ஆளைத் தேடி, மெயிலும் அனுப்பலாம். ஆமை எந்த வேலையையும் சொன்ன தேதியில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. பெயர் அப்படித்தான் வந்தது. நான்கு முறை வேலை போகிற அளவுக்குச் சொதப்பியிருக்கிறான். நான்கு முறையும் மேலாளர் சிவந்த முகத்தோடு தன் அறைக்குள் போவார். கொஞ்ச நேரத்தில் பால் குடித்த பூனை மாதிரி வெளியே வந்து, "சரி, இனிமே பார்த்து நடந்துக்கப்பா" என்பார்.

அந்த நன்றிக்கடனைத்தான் மூன்று வாரமாக, எழுத்துப்பிழை திருத்தியை ஓரங்கட்டிவிட்டு, ஆமை அடைத்திருந்தான்.

"அவர் முகவரிப் புத்தகத்துல ஒன்பதாயிரம் பேர்டா. ஒரு பேரை அடிச்சா, முதல் வீட்டுலேர்ந்து ஒவ்வொரு கதவா தட்டி, 'நீதானா, நீதானா'ன்னு கேட்டுக்கிட்டே போகும். முகவரி வர ரெண்டு நிமிஷம். பாவம்."

"அந்த லட்சணத்துல அதை எழுதினது யாரு?"

"நான்தான். அதான் இப்போ ஹாஷ் டேபிள் போட்டுட்டேன். பேரை வெச்சே ஒரு கணக்குப் போட்டு, எந்தக் கதவுன்னு தெரிஞ்சுக்கிட்டு நேரா அங்க போய் நிக்கும். நேத்து சாயங்காலமே அவர் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். அவர்கிட்ட மூச்சு விடல. தானா பார்த்துச் சந்தோஷப்படட்டும்."

அறைக் கதவு திறந்தது. மேலாளர் வெளிறிய முகத்தோடு வந்து நின்றார்.

"முகவரிப் புத்தகத்துல கை வெச்சியாப்பா?"

ஆமை எழுந்தான். "ஆமா சார். இத்தனை நாளா என்னைப் பொறுத்துக்கிட்டீங்களே, அதுக்கு என்னால முடிஞ்ச நன்றி."

மேலாளர் காலி நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தார்.

"நான் எங்கப்பா பொறுத்துக்கிட்டேன்? நாலு தடவையும் உன்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி முதலாளியம்மாவுக்கு மெயில் எழுதினேன். அவங்க முகவரி வந்து சேர்றதுக்குள்ள கோபம் ஆறிடும்; அழிச்சுடுவேன். இன்னைக்கு ஒன்பது மணிக்கும் திருத்தி வரலைன்னு அஞ்சாவது எழுதினேன். பேரை அடிச்சேன், முகவரி கண்ணு முன்னாடி நிக்குது. அனுப்பிட்டேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அனுப்பின மெயிலைத் திரும்ப வாங்குற வசதி ஏதாவது வெச்சிருக்கியா?"

"அதைத்தான் சார், அடுத்த மாசம் உங்களுக்குச் செஞ்சு தரலாம்னு இருந்தேன்."