சிஸுருவின் படலம்

"பிளாஸ்டிக்ல கரண்டு ஓடுமாம்மா?" என்று பேராசிரியர் இவாகுரா வருஷக்கணக்கில் சிஸுருவைக் கேலி செய்துவந்தார்.

அன்று அவள், குடுவைச் சுவரில் வெள்ளியாய்ப் படிந்திருந்த பிளாஸ்டிக் படலத்தை உரித்து, அயோடின் ஆவி காட்டி, பேட்டரியையும் ஒரு சிறு பல்பையும் இணைக்கும் கம்பிகளுக்கு நடுவே பொருத்தினாள். பல்பு எரிந்தது. ஆய்வுக்கூடமே கைதட்டியது.

"ஜெயிச்சுட்டியேம்மா!" என்று இவாகுரா படலத்தை இடுக்கியால் எடுத்து உயர்த்திப் பார்த்தார். இப்போது கம்பிகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. பல்பு எரிந்தது. அவர் பேட்டரியைக் கழற்றினார். அப்போதும் எரிந்தது.

கைதட்டல் நின்றது.

"எப்படிம்மா?" என்றார்.

"தெரியலைங்க ஐயா."

அவர் இடுப்பு வளையக் குனிந்து அவளை வணங்கினார்.

மாலை டோக்கியோ ரயிலில், பல்பு அவள் உள்ளங்கையில் எரிந்துகொண்டே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர், "அது என்னங்க?" என்று கேட்டார்.

"நான் செஞ்சது" என்றாள் சிஸுரு, தலை நிமிர்ந்து.