இடது பக்கக் கொக்கி

"அந்த மனுஷனுக்குக் கை இருக்கா, இல்லையா?" என்று டாக்டரின் காதோரம் கேட்டாள் அவர் மனைவி.

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். படகின் எதிர்ப் பலகையில் அச்சகக்காரர் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் தோளுயரம்கூட இல்லாத அவர் மனைவி, முக்குளிக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் காற்றுச் சிலிண்டர் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்தார்.

முதுகில் மாட்டுகிற ரகம் இல்லை. விலாவுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற ரகம். ஒவ்வொன்றும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கனம்.

படகு ஆடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா மண்டி போட்டு, சிலிண்டரின் கழுத்தை ரப்பர் கயிற்றுக்குள் நுழைத்தார். அடிப்பக்கக் கொக்கியை, இடுப்புப் பட்டையில் முன்னும் பின்னும் இருந்த வளையங்களில் ஒன்றில் மாட்டினார். மூச்சு வாங்கியது.

"பாத்து, பாத்து," என்றார் அச்சகக்காரர். அதோடு சரி. விரலைக்கூட அசைக்கவில்லை.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒரு கை பிடிக்கட்டுமா சார்?"

"வேண்டாம் டாக்டர். அவளே மாட்டிடுவா."

"இல்ல, கனமா இருக்கே."

"அவளுக்குப் பழக்கம்தான்."

டாக்டர் மனைவி முழங்கையால் இடித்தாள். "பழக்கமாம். வீட்டுல குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டார் போல. நீங்க இப்படி உக்காந்து பாருங்க, அப்ப தெரியும் சேதி."

தன் சிலிண்டர்களைத் தானே மாட்டிக்கொண்டிருந்த டாக்டர், இதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவதும் மாட்டியாயிற்று. அந்த அம்மா கணவரின் தோளில் ஒரு தட்டு தட்டினார். "ம், போயிட்டு வாங்க."

அச்சகக்காரர் குதிக்கவில்லை. இரண்டு சிலிண்டர்களையும் கையால் விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, படகின் ஓரத்திலிருந்து நழுவி இறங்கினார். பின்னாலேயே டாக்டரும் இறங்கினார்.

தலை தண்ணீருக்கு மேலே இருக்க, அச்சகக்காரர் நேராக நீந்திப் போய், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் மூக்குக்கு அடியில் ஒதுங்கினார். மேலே இருப்பவர்களுக்கு அங்கே ஆள் தெரியாது. இடது சிலிண்டரின் கொக்கியைக் கழற்றினார். முன் வளையத்தில் கிடந்ததைப் பின் வளையத்தில் மாட்டினார். அப்புறம் வலது கொக்கியை இழுத்துப் பார்த்தார். ரப்பர் கயிறு, வால்வு, குழாய் என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்தார்.

"என்ன சார், தப்பா மாட்டிட்டாங்களா?" என்று கேட்டார் கூடவே வந்த டாக்டர்.

"இடது பக்கத்தை எப்பவும் முன் வளையத்துலதான் மாட்டுவா. பெரிய ஆபத்து ஒண்ணும் இல்ல, சிலிண்டர் கோணலா நிக்கும்."

"அப்ப நீங்களே மாட்டிக்கலாமே. பாவம், அவங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

அச்சகக்காரர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் அவசரத்துல அடிக்கொக்கியை மாட்டாமயே குதிச்சுட்டேன் டாக்டர். சிலிண்டர் எகிறி முகத்துல அடிச்சுது. நினைவு தப்பிடுச்சு. படகுக்காரர் குதிச்சுத்தான் தூக்கினார். இவ மேல நின்னு பாத்துட்டிருந்தா. நீச்சல் தெரியாது இவளுக்கு."

டாக்டர் நங்கூரக் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே கடல் பக்கமே வர வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். இவதான், 'உங்களுக்குன்னு இருக்கற சந்தோஷம் இது ஒண்ணு, அதை விடாதீங்க. ஆனா நான்தான் மாட்டி விடுவேன்'னு சொன்னா. எத்தனை பேர் வீட்டுல அப்படிச் சொல்லுவாங்க? அவ கையால மாட்டினாத்தான் மேல நிம்மதியா உக்காந்திருப்பா. தப்புன்னு சொன்னா அந்த நிம்மதி போயிடும். அதான் இங்க வந்து நானே திருத்திக்குவேன். நீங்களும் சொல்லிடாதீங்க."

டாக்டர் தலையாட்டினார். படகில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நினைத்தால் கூச்சமாக இருந்தது. தன் கொக்கிகளையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். இருவரும் கீழே போனார்கள்.

படகில் அந்த அம்மா பிளாஸ்கைத் திறந்து, முதல் டீயைப் படகுக்காரருக்குக் கொடுத்தார். இரண்டாவது டாக்டர் மனைவிக்கு.

டாக்டர் மனைவி டீயை வாங்கிக்கொண்டாளே தவிர, மனசு ஆறவில்லை. "தப்பா நினைக்காதீங்க அக்கா. நீங்க ரொம்பத்தான் இடம் குடுக்குறீங்க. அவர் சிலிண்டரை அவர் மாட்டிக்க மாட்டாரா?"

"மாட்டிக்குவார்மா. ஒரு நாள் அவசரத்துல விட்டுட்டார். அன்னிக்கு இந்த அண்ணன் மட்டும் குதிக்கலைன்னா, இன்னிக்கு மாட்டி விட எனக்கு ஆளே இல்ல. இவரைப் பாக்குறப்பல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோணும்."

படகுக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டீயை ஊதினார்.

டாக்டர் மனைவியின் குரல் இறங்கிவிட்டது. தயங்கிச் சொன்னாள். "அக்கா, சொல்லலாமான்னு தெரியல. வலது பக்கம் பின் வளையத்துல மாட்டினீங்க. இடது பக்கத்தை முன் வளையத்துல மாட்டிட்டீங்க. நான் பாத்தேன்."

"மெதுவாப் பேசுமா." அந்த அம்மா தண்ணீரைப் பார்த்தார். குமிழிகள் நிதானமாக வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அவர் அச்சகத்துல எந்நேரமும் புரூஃப் பாத்துப் பிழை திருத்துறவர். மளிகைச் சாமானுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாக்கூட, ஒரு எழுத்து தப்பா கண்ணுல பட்டா முழுச் சீட்டையும் படிச்சுட்டுத்தான் கடைக்குப் போவார். எல்லாம் சரியா இருந்தா ஏறெடுத்தும் பாக்க மாட்டார். அதான் இடது பக்கத்தை மட்டும் வேணும்னே தப்பா மாட்டி அனுப்புறேன்."