ஒட்டுத் தெரியாத சுவர்

எலி அரித்த ஜிப்சம் பலகைச் சுவரை வெட்டியபோது மூத்திர நாற்றம் கதிராமனின் முகத்தில் அடித்தது. புதுத் துண்டு பொருத்தி, பட்டி பூசி, ஒட்டுத் தெரியாமல் உரஞ்சி முடித்தான்.

வீட்டுக்காரர் சோமசேகரம் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"கெட்டிக்காரனடா! எலி அரிச்சதெண்டு இனி ஒருத்தருக்கும் விளங்காது. நாத்தமும் போயிட்டுது."

"காயட்டும் ஐயா, பெயின்ற் அடிக்கிறன்."

"பெயின்றோ? நாளைக்கு நட்டஈட்டு ஆக்கள் வருகினம். துறைமுகத்துக்கு அடிச்ச ஷெல் இஞ்சையும் பட்டமாதிரி நடுவில உடை."



சோமசேகரம் கடதாசிப் பொட்டலத்தை அவிழ்த்து, ஒரு ஷெல் துண்டை நீட்டினார்.

"ஓட்டைக்குள்ள இதையும் செருகு. ஷெல் விழுந்த பக்கத்துச் செத்தவீட்டுக்குப் போகேக்க பொறுக்கினனான்."

கதிராமன் சுத்தியலைப் பைக்குள் வைத்தான்.

"நாத்தம் போகேல்லை, ஐயா."