ஞாயிறு, பத்து இருபது

“‘இந்தப் பழைய லாரிக்கு லேப்டாப்பெல்லாம் எதுக்கும்மா’ன்னு மூணாவது தடவையா சொல்லிட்டீங்க, டிரைவர். எதுக்குன்னு இப்போ காட்டறேன்!”

லாரி முதலாளியின் மனைவி போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. அவள் கணவர் மட்டும் டயரைப் பார்த்தார்.

மெக்கானிக் லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தில் இரண்டு வயர்களை வைத்தார்.

“இது சின்னது, விலை கம்மி. இப்போ என்ன கோளாறுன்னு மட்டும் காட்டும். அது பெரிசு, விலை கூட. இன்ஜின் எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கொதிச்சுதுன்னு பழசையும் புட்டுப் புட்டு வைக்கும்.”

“பதினஞ்சு வருஷ வண்டிக்கு ஒத்துவருமா?”

“நடுவுல ஒரு கனெக்டர் போட்டா வரும்மா.”

“சின்னதே போதும்மா,” என்றார் டிரைவர்.

“சொல்ல மாட்டீங்களா பின்னே? போன மாசம் இன்ஜினைக் கொதிக்க விட்டுட்டு, கேட்டா ஊமைக்கோட்டான் மாதிரி நின்னீங்க. இன்னிக்கு லேப்டாப் பேசட்டும். உங்க தப்புன்னு தெரிஞ்சா வேற வண்டி பார்த்துக்குங்க.”

“விடேன்மா...” என்றார் கணவர்.

“நீங்க சும்மா இருங்க. பைபாஸ் பண்ணின உடம்பு. மெக்கானிக், பெரிசையே போட்டுக் காட்டுங்க.”

மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே வயரைச் சொருகினார். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன.

“கொதிச்சது ஒரே தடவைதான். போன மாசம் பன்னிரண்டு, ஞாயிறு, காலை பத்து இருபது.”

“பார்த்தீங்களா, ஞாயித்து...”

பாதியில் நிறுத்தினாள். அந்த ஞாயிறு டிரைவருக்கு லீவு. மகளுக்குப் பிரசவம் என்று கேட்டார். கொடுத்ததே அவள்தான்.

“அப்போ வண்டியை எடுத்தது யாரு?”

கணவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரே ஒரு நடை ஓட்டிப் பார்க்கலாம்னு... டாக்டர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதுன்னாரு, உன்கிட்ட சொன்னா விடுவியா? பாதி வழியில வண்டி கொதிச்சுது. எனக்கும் நெஞ்சை அடைச்சுது. இவருக்குத்தான் போன் பண்ணினேன். பிரசவ வார்டு வாசல்லேருந்து ஓடி வந்து, மாத்திரையை வாயில போட்டு, டாக்டர்கிட்ட காட்டி, வீட்டுல கொண்டுவந்து விட்டாரு. உனக்குத் தெரிய வேண்டாம்னு நான்தான் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்.”

டிரைவர், தானே மாட்டிக்கொண்டவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்தவள், டிரைவர் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே... இவரை உசுரோட கொண்டுவந்து குடுத்திருக்கீங்க. நீங்க எதுக்குண்ணே தலை குனியணும்? கொஞ்சம் நிமிர்ந்து என்னைப் பாருங்கண்ணே...”