ஃபுசியின் கூந்தல்

"மதினி, வேற என்ன வேணும்னாலும் கேளு. முடியை மட்டும் விட்டுடு," என்று ஃபுசி காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

லவீனியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொங்கா தீவில் தாய்மாமன் செத்தால் சகோதரி மகளுக்குத்தான் முதல் மரியாதை. தலைமாட்டில் இடம், துக்கத்துக்கு மரியாதையாக வந்த பாய்களில் உசத்தியானது, சுட்ட பன்றிகளில் பெரியது, எல்லாம் அவளுக்கு. செத்தவரின் பிள்ளைகளும், ஃபுசியைப் போன்ற தம்பி பிள்ளைகளும் மார்பு வரை கந்தல் பாயைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் புகை தின்ன வேண்டியதுதான். அடக்கம் முடிந்ததும் அவர்கள் தலைமுடியை வெட்டுவதும் சகோதரி மகள்தான். நுனியைக் கிள்ளுவாளோ, ஒட்ட நறுக்குவாளோ, அது அவள் இஷ்டம். பெற்ற தாய்கூட மறுபேச்சுப் பேச முடியாது.

லவீனியா மாமாவுக்காக நிஜமாகவே அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒரு கண், முழங்கால் வரை தொங்கிய அந்தக் கூந்தல் மேலேயே இருந்தது. சர்ச்சில் தொண்டை கிழியப் பாடுவது இவள். ஊர் வாயைப் பிளந்து பார்ப்பதோ ஃபுசியின் முதுகை. அந்த வயிற்றெரிச்சல் இன்று நேற்றையது அல்ல.

காலையில் ஃபுசி பன்றி ஈரலை இலையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். லவீனியா தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் ஃபுசி தன் புதுப் பாயைத் தருவதாகச் சொன்னாள். ஃபுசியின் அம்மா வேறு ஓரமாக உட்கார்ந்து, செத்தவரை விட்டுவிட்டு மகளின் கூந்தலைப் பார்த்தே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நுனியில ரெண்டு விரல் வெட்டினாப் போதும்னுதான் இருந்தேன்," என்றாள் லவீனியா, அடக்கம் முடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்தபடி. "நீ இவ்வளவு தூரம் கெஞ்சினதுக்கப்புறம் எப்படி விடறது?"

பின்னலைப் பிடித்து, கழுத்தோடு ஒட்ட நறுக்கினாள். அம்மாக்காரி மார்பில் அடித்துக்கொண்டாள். ஃபுசி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

லவீனியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாவு வீடு என்பதையும் மறந்து, வெட்டிய பின்னலைத் தன் தலையில் கிரீடமாகச் சுற்றிக்கொண்டு, எனக்கு எப்படி இருக்கிறது என்று பக்கத்துப் பெண்களிடம் கேட்டாள். அவர்களும் வாய்க்கு வந்தபடி புகழ்ந்தார்கள்.

மரியாதைக்கு முத்தமிடக் குனிந்த ஃபுசி அவள் காதோடு சொன்னாள்.

"நீ நல்லா இருப்பே மதினி. எத்தனை மாசமா ராத்தூக்கமில்ல, அம்மா கத்தரிக்கோலைத் தொட விடல. 'வெட்டு'ன்னு நானா வந்து கேட்டிருந்தா நீயும் வெட்டியிருக்க மாட்டே. இப்ப முதல்ல அதைத் தலையிலேருந்து எடு, பேன் அத்தனையும் உயிரோட இருக்கு."