சம்பந்தி போட்ட விசிறி
தீப்பெட்டி அளவு பொம்மை டாங்கிக்குக் கடைசிப் பூச்சாகப் பச்சை அடிக்கிறேன். பூச்சு ஒழுங்காக இல்லாத வண்டி பொம்மைப் படைகளை வைத்து ஆடும் மேஜைப்போரில் இறங்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்துச் சட்டம்; இது இறங்காவிட்டால் நான் ஆடாமலே தோற்றேன். எதிரே என் சம்பந்தி, குட்டிப் பீரங்கிகளை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பார்வையாலேயே என்னைச் சுட்டுப் பொசுக்குகிறார். "வேர்க்குதே சம்பந்தி" என்று எழுந்து மின்விசிறி சுவிட்சைத் தட்டிவிடுகிறார். இறக்கைகளிலிருந்து மூன்று தலைமுறைத் தூசி கொட்டி, ஈரப் பச்சையில் அப்பிக்கொள்கிறது. "அடடா, பாழாப்போச்சே" என்கிறார், வாயெல்லாம் பல்லாக. நடுவர் வந்து மூக்கு உரசக் குனிகிறார். "பாலைவனத்துல ஓடின வண்டி மாதிரியே புழுதி. பிரமாதம், இறக்குங்க." சம்பந்தியின் கை சுவிட்சுக்குப் பாய்கிறது. "ஓடட்டும் சம்பந்தி," என்கிறேன், "இன்னும் ரெண்டு வண்டி ஈரமா இருக்கு."